நூலகர் சங்கமும் பூட்டிய அலமாரியும்



அகில இந்திய அளவில் நூலகர்களுக்கென்று அமைந்த ஒரு சங்கம் செய்யவேண்டிய காரியம் யாது என்பதைப் பற்றிப் பேசவேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட கட்டளை. இத்தகைய விஷயத்தைப் பேச வருபவர்கள், சங்கத்தின் விதிப்புத்தகத்து முதற்பக்கத்தில் நோக்கங்கள் என்று அச்சிட்டிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வியாக்கியானம் செய்துவிட்டு அமர்வது சம்பிரதாயம். நூலக இயக்கத்தை வளர்த்தல், பயிற்சி அளித்தல், ஆராய்ச்சியை ஊக்குவித்தல், பத்திரிகை வெளியிடுதல், பிறநாட்டுச் சங்கங்களோடு உறவு பூணுதல் ஆகிய இவை யாவும் நல்ல நோக்கங்களே. இவற்றை மறுத்துரைப்பார் ஒருவரும் இலர். மறுத்துரைப்பார் இல்லாத விஷயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதால் கேட்போர்க்குப் பயனுமில்லை, பேசுவோர்க்குச் சுவையுமில்லை. ஆகையால் நோக்கங்களை விட்டுவிட்டு, உங்களில் ஒவ்வொருவரும் கண்ணாரக் கண்டிருக்கும் ஒரு பொருளிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறேன். அது ஒரு பூட்டிய அலமாரி.

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில், தலைமையாசிரியர் அறையை ஒட்டினாற்போல, கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனுள்ளே, பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பலருடைய பல்லாண்டு உழைப்பினால் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம், முதுகிலுள்ள எழுத்து மங்காமல், நூற்கட்டின் பசை மணம் போகாமல், வாங்கி அடுக்கிய அன்றிருந்த கோலத்திலேயே இருக்கும். சாவி மேஜையின் இழுப்பறையில் இருக்கும். இழுப்பறைக்கு வேறொரு சாவி உண்டு. பள்ளியைப் பார்வையிட வருபவர்கள் இதைக் கண்டு, புதையலைப் பூதம் காப்பதுபோல் காக்கிறாரே இந்த நூலகர் என்று நகைத்துவிட்டுப் போவார்கள். புத்தகத்தின்மீது பிரியம் இல்லாதவர், வாசகனைக் கண்டால் எரிந்து விழுபவர், சோம்பேறி என்றெல்லாம் அவரைப் பற்றி அபிப்பிராயம் எழும். நான் அறிந்த அளவில் இவ்வபிப்பிராயம் பெரும்பாலும் அநியாயமானது. அவர் பூட்டுவது பயத்தினால். அந்தப் பயத்துக்கு ஆதாரம் அவருடைய சுபாவத்தில் இல்லை. அவருக்கு எதிரே திறந்து வைத்திருக்கும் நூற்சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை சொல்கிறேன். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதில் ஓர் எண். எண்ணுக்கு நேரே ஆசிரியர் பெயர், நூற்பெயர், விலை, வாங்கிய இடம், தேதி. கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. வாங்கிய புத்தகம் நாற்காலியையும் மேஜையையும் போல ஆஸ்தியாகக் கணக்கில் ஏறிவிடுகிறபடியால், நாற்காலி காணாமற்போனால் யார் பொறுப்போ அவரே புத்தகம் காணாமற்போனாலும் பொறுப்பு என்பது நிர்வாகத்தின் நியாயம். நாற்காலியை ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பதினைந்து நாள் உட்கார்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பதும், பலர் கைக்குப் போய் வருவதற்காகவே வாங்கப்பட்ட பொருளில் சிறிது சேதம் நேருவது அதன் உபயோகத்துக்கே அறிகுறி என்பதும் அந்த நியாயத்துக்குள் நுழையவில்லை. இருப்புச் சரிபார்க்கும்பொழுது தட்டில் இல்லாத எண்களுக்கு நேரே சிவப்பு மையால் குறிப்பு விழுகிறது. தணிக்கை ஆட்சேபணை வருகிறது. மாற்றலாகிப் போகிறவர் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் எண்ணிக்கை குறைந்தால் ஏற்றுக்கொள்பவர் கையெழுத்திட மறுக்கிறார். ஓய்வு பெறுகிறவருக்கோ நிலுவையில்லாச் சான்று கிடைக்காமல் பணிக்கொடை நின்றுபோகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு நூலகர், பெயர் வேண்டாம், ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதங்களில் திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததைக் கண்டிருக்கிறேன். சீட்டில் இருந்தவை தம் நூலகத்தில் காணாமற்போன புத்தகங்களின் பெயர்கள். பதிப்பு ஆண்டு ஒத்திருக்கவேண்டும், அட்டையும் ஏறக்குறைய ஒத்திருக்கவேண்டும், விலையைப் பற்றிக் கவலையில்லை. வாங்கிய பிரதிகளில் பழைய சொந்தக்காரன் எழுதியிருந்த பெயரை ரப்பரால் அழித்து, முத்திரை குத்தி, தொலைந்துபோன புத்தகத்தின் எண்ணை அதில் இட்டுத் தட்டில் வைத்துவிட்டு அவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் வாசகர்க்கு உழைத்த மனிதர், உத்தியோகத்தின் கடைசி நாள்களில் தம் கைப்பணத்தைச் செலவிட்டு இப்படியொரு சிறு கபடம் செய்யவேண்டியிருந்ததே என்பதில் எனக்கு வருத்தமுண்டு. ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், அவருக்குப் பின் வந்த இளைஞர் இந்தக் கதையைக் கேட்டறிந்து, பதவி ஏற்ற முதல் வாரமே ஆறு புதிய பூட்டுகள் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதினார் என்பது.

இப்பொழுது உங்களைக் கேட்கிறேன். இந்தப் பூட்டைத் திறக்கவல்லவர் யார்? வாசகனால் இயலாது, அவனுக்குக் காரணமே தெரியாது. நூலகர் ஒருவர் தனியாய் மனுப் போட்டால், இவர் எதையோ தொலைத்துவிட்டு முன்னெச்சரிக்கையாய் எழுதுகிறார் என்றே மேலதிகாரி கருதுவார். சொந்த நலத்துக்காகப் பேசுகிறார் என்ற சந்தேகத்துக்கு இடமின்றி, எல்லா நூலகங்களின் அனுபவத்தையும் சாட்சியாக வைத்து, இத்தொழிலின் தர்மம் இது என்று சொல்லத் தகுதி வாய்ந்தது நூலகர்களின் சங்கம் ஒன்றே. தேசியச் சங்கம் ஒன்றின் தலையாய காரியம் இதுவே என்பது என் துணிபு: தனியொரு நூலகர் கூறினால் சாக்குப்போக்காகத் தோன்றுவதைத் தொழிலின் பிரமாணமாக நிலைநாட்டிக் கொடுப்பது.

இது நம் நாட்டில் மட்டும் முளைத்த பிரச்சினை என்று எண்ணவேண்டா. இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதிவரை, பொது நூலகத்துக்குச் செல்லும் வாசகன் புத்தகத்தைக் கண்ணால் காண்பதற்கே வழியில்லை. நூலட்டவணையைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்து, முகப்பில் சுவர்போல் நிறுத்தியிருக்கும் ஒரு சட்டத்தில் அந்த எண்ணைத் தேடவேண்டும். அந்தச் சட்டத்தில் புத்தகத்துக்கு ஒன்றாகச் சிறுசிறு மாடங்கள். புத்தகம் உள்ளே இருந்தால் மாடத்தில் ஒரு நிறம், வெளியே போயிருந்தால் வேறு நிறம். இந்தக் காட்டுக்கருவிகளில் பெயர்பெற்றதை இயற்றிய கோட்கிரீவ் என்பவரும் ஒரு நூலகரே. உள்ளே இருப்பதாகக் காட்டினால் உதவியாளரை அழைத்துக் கேட்கவேண்டும். அவர் கொண்டுவந்து தருவதைப் பெற்றுக்கொள்ளவேண்டும். பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் அட்டவணை, மறுபடியும் சட்டம்.

ஜேம்ஸ் டஃப் பிரௌன் என்பவர் லண்டன் மாநகரில் கிளார்க்கன்வெல் என்னும் பகுதியின் நூலகர். 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சியை ஒட்டி அமெரிக்க நூலகச் சங்கம் கூட்டிய மாநாட்டுக்குச் சென்றவர், அந்நாட்டு நூலகங்களில் வாசகர்கள் தட்டுகளுக்கிடையே தாமே நடந்து புத்தகத்தை எடுத்துப் பார்ப்பதைக் கண்டு திரும்பினார். மறு ஆண்டே தம் நூலகத்தில் தடுப்புச் சட்டத்தைக் கைவிட்டு, வரும் வழியும் போகும் வழியும் மட்டும் காவலுக்கு உட்பட்டிருக்க, வாசகரை உள்ளே விட்டார். எழுந்த எதிர்ப்பு சாமானியமன்று. திருட்டு பெருகும், ஒழுங்கு குலையும், நூலகர் என்ற உத்தியோகமே அவசியமற்றதாகிவிடும் என்று தொழிலிலுள்ளவர்களே கூக்குரலிட்டார்கள். பிரிட்டிஷ் நூலகச் சங்கத்தின் கூட்டங்களிலும் தொழிற்பத்திரிகைகளிலும் இவ்வாதம் பல்லாண்டு நடந்தது. இரு கட்சியாரும் கடுமையாகவே பேசினார்கள். ஆனாலும் அந்தச் சண்டை நடப்பதற்கு ஓர் இடம் இருந்தது. அப்படியோர் இடமில்லாவிட்டால், பிரௌன் ஊரார் நகைக்கும் ஒரு பித்தராக மறைந்திருப்பார். மாநாடு என்றால் விருந்தும் புகைப்படமும் என்று எண்ணுவோர் (அவ்விரண்டிலும் எனக்கும் துவேஷமில்லை) சிகாகோவுக்குப் போன அந்த ஒருவரை நினைவில் வைப்பது நல்லது.

அத்தகைய இடங்களாய் அமைந்த சங்கங்களின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்கச் சங்கம் பிலடெல்பியா நகரில் 1876 அக்டோபரில் தோன்றியது. கூடியவர்கள் 103 பேர். அவர்களில் பெண்கள் 13 பேர். அதன் பின்னணியில் ஓடியாடி உழைத்த மெல்வில் டூயிக்கு அப்பொழுது வயது 24. நூல்களை வகைப்படுத்தும் அவருடைய தசமப் பகுப்பு முறை வெளியானதும் அவ்வாண்டே. அடுத்த ஆண்டில் லண்டனில் பிரிட்டிஷ் சங்கம் பிறந்து, 1898-இல் அரசியின் சாசனம் பெற்றது. அச்சாசனத்தின் மதிப்பு அதிலுள்ள முத்திரையில் இல்லை. பரீட்சை நடத்தித் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு அது உறுதிசெய்தது. நூலகர் ஆவதற்கு இன்னின்ன கற்றிருக்கவேண்டும் என்று நகராட்சிக் கவுன்சிலர் சொல்லாமல் நூலகர்களே சொல்லும் நிலை அங்கு ஏற்பட்டது.

நம்முடைய சரித்திரத்துக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த சீர்காழி இரா. அரங்கநாதன் அவர்கள் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபொழுது, நூலகக் கலையில் அவருக்கு யாதொரு பயிற்சியும் கிடையாது. பயிற்சி தருவதற்குச் சென்னையில் இடமும் கிடையாது. கடல் கடந்து லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பயின்று, பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசானிடம் பாடம் கேட்டு, அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர், தம் நூலகத்தின் தட்டுகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். ஆனால் ஒரு நூலகத்தைத் திறந்துவிட்டால் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. மறு ஆண்டிலேயே அச்சங்கம் கோடைகாலப் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1931-இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் நூலகர்கள் படிக்கும் நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூலை அதே 1931-இல் பதிப்பித்ததும் இச்சங்கந்தான். மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பியதும் அவ்வாண்டே. ஒரு மாகாணச் சங்கம், கைப்பொருள் அதிகமின்றி, மூன்று ஆண்டுக்குள் செய்தவை இவை.

இந்திய நூலகச் சங்கம் 1933 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய முதல் அகில இந்திய நூலக மாநாட்டில் பிறந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகர் எம். ஓ. தாமஸ், செயலாளர் பொறுப்பேற்றவர் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் அசதுல்லா. பின்னர் 1944 முதல் 1953 வரை அரங்கநாதன் அவர்களே தலைவராக இருந்தார். அக்காலத்தில் சங்கத்தின் குரலுக்கு இருந்த கம்பீரம் பின்னர் எப்போதும் அதே அளவில் இருந்தது என்று முகஸ்துதிக்காகக்கூட என்னால் சொல்ல இயலாது.

தேசியச் சங்கத்தின் கை ஒரு விஷயத்தில் கட்டுண்டிருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலங்கள் நடத்துகிற அல்லது பொருளுதவி தருகிற நூலகங்கள் மாநிலப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றன. நூலகச் சட்டம் இயற்றுவதும் நூலக வரி விதிப்பதும் அவ்வம்மாநிலச் சட்டசபையின் காரியம். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் அரங்கநாதன் முன்வைத்த மாதிரிச் சட்டம், சென்னைச் சங்கத்தின் விடாமுயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபொழுது 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டமாயிற்று. வீட்டு வரியின் மேல் ரூபாய்க்கு அரை அணா வீதம் நூலக வரி விதிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு ஒரே கோரிக்கையை மந்திரிசபை மாறமாற எடுத்துச்சென்றது தனிமனிதர் ஒருவரால் மாத்திரம் நடக்கக்கூடியதன்று. தனிமனிதர் களைத்துப்போவார், சங்கத்துக்கு அடுத்த செயலாளர் வருவார். ஆயினும் இன்றளவும் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிடவில்லை என்பதிலிருந்து, டில்லியில் நிறைவேற்றும் தீர்மானங்களுக்கு மாநிலத் தலைநகரங்களில் உள்ள செல்வாக்கு எவ்வளவு என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் கை கட்டுண்டிருந்தாலும், விதியில் கட்டில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்றொரு புத்தகம் இருக்கிறது. நூலகர்கள் அதைப் படிப்பதில்லை, கணக்கர்கள் படிப்பார்கள். 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் 215-ஆம் விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. ஓராண்டில் வாசகர்க்கு வழங்கப்பட்ட அல்லது அவர்கள் எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது, நாணயக் குறைவாலோ கவனக் குறைவாலோ நேர்ந்ததல்லவென்றால், இயல்பான நஷ்டமாகக் கொள்ளத்தக்கது என்று அவ்விதி ஒப்புக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள புத்தகமோ, விலை எதுவாயினும் அரிய நூலோ தொலைந்தால் மாத்திரம் விசாரணை கட்டாயம். இருபதாயிரம் புத்தகம் வரையுள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேற்பட்டால் மாதிரி எடுத்துச் சரிபார்த்தால் போதும். புத்தகம் நாற்காலியன்று என்று நூலகர்கள் நெடுங்காலமாக வாதித்துவந்ததை நிதி இலாகாவின் வறண்ட பாஷையில் எழுதிவைத்தாற்போன்றது இந்த விதி. இந்நான்கு வரிகள் இத்தொழிலுக்குச் செய்துள்ள உபகாரம், நான் கேட்டிருக்கும் தலைமையுரைகள் பல செய்ததைக் காட்டிலும் அதிகம்.

ஆனால் பாருங்கள், இவ்விதி தானாகவே கட்டுப்படுத்துவது மத்திய அரசுக்கு உட்பட்ட ஸ்தாபனங்களை. மாநில அரசின் கிளை நூலகத்திலும், உதவிபெறும் பள்ளியிலும், ஊர்ப்புற நூலகத்திலும் பணியாற்றுகிறவர் தம் மேலிடத்தில் இதை எடுத்துக்காட்டி வாதிக்கவேண்டுமானால், முதலில் இப்படியொரு விதி இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பணி மூப்புள்ளவர்கள் பலரிடம் நான் இதைச் சொன்னபொழுது, மெய்தானா என்று வியந்து கேட்டார்கள்.

இன்னொரு குறையும் இதனோடு பிணைந்தது. வழக்கறிஞர் குழுவில் பதிவு செய்துகொள்ளாதவர் நீதிமன்றத்தில் பிறருக்காக வழக்காட இயலாது, மருத்துவருக்கும் அப்படியே. நூலகருக்கோ அத்தகைய பதிவேடு நம் நாட்டில் இல்லை. பள்ளி நூலகத்தின் சாவி உடற்பயிற்சி ஆசிரியரிடமோ எழுத்தரிடமோ கூடுதல் பொறுப்பாகப் போய்ச்சேருவதைத் தடுப்பாரில்லை. தகுதியை நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லாத சங்கம், தகுதியைப் பற்றி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும், அது ஊதுகிற சங்கம் ஊரார் காதில் விழுவதில்லை.

அதிகாரம் பெற்ற சங்கம் எப்போதும் நல்லதே செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. நூலகத்தின் உரிமைகளைப் பற்றி 1939-இல் பிரகடனம் செய்து, எழுதியவரின் இனமோ அரசியல், சமயக் கருத்துகளோ நூல் தேர்வைப் பாதிக்கலாகாது என்ற கொள்கையை ஊன்றிய அமெரிக்கச் சங்கத்திலேயே, தென் மாநிலங்களின் கிளைச் சங்கங்கள் கறுப்பின நூலகர்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்துவந்தன. 1936-இல் ரிச்மண்ட் நகரில் கூடிய மாநாட்டிலே அவர்களுக்குத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டது. ஜார்ஜியாவில் சவானா நகரக் கல்லூரியொன்றின் நூலகராயிருந்த கறுப்பினத்தவர் இ. ஜே. ஜோசியையும் அம்மாநிலச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. 1964-இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், அத்தகைய நிறவெறிச் சங்கமொன்றுக்குப் பாராட்டு வழங்கப்படுவதைக் கண்டு கொதித்த ஜோசி, பாகுபாடு காட்டும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களில் தேசியச் சங்கத்தின் அதிகாரிகள் கலந்துகொள்ளலாகாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜார்ஜியாச் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து அவரே தேசியச் சங்கத்தின் தலைவரானார். புத்தகத்தின்மேல் போடும் பூட்டை ஆட்சேபிக்கிற சங்கம் தன் வாசலிலே ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருக்கக்கூடும். நம்மிடத்திலும் பகுதிநேர நூலகர்கள், தினக்கூலிக்கு ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து மூடுபவர்கள், பட்டயம் இல்லாமல் அனுபவத்தால் தேர்ந்தவர்கள் ஆகியோரில் எத்தனை பேர் தேசியச் சங்கத்தின் மாநாட்டுப் பந்தலுக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். பிரதிநிதிக் கட்டணத்தைக் கேட்டால் அவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

ஆகையால் இன்று மாலை நீங்கள் நிறைவேற்றவிருக்கும் தீர்மானங்களோடு சேர்த்துக்கொள்ளும்படி ஒன்றை எழுதித் தந்திருக்கிறேன். புத்தக இழப்பைப் பற்றிய விதியை இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரு பக்க அளவில் அச்சிட்டு, ஊர்ப்புற நூலகம் வரை தேசியச் சங்கம் அனுப்பவேண்டும். ஒவ்வொரு மாநில அரசும் அதைத் தன் நூலகங்களுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் உரியதாக ஆணை பிறப்பிக்கவேண்டுமென்று, மாநிலச் சங்கங்களைத் துணைக்கொண்டு, ஆணை கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். இழப்புக்காக எந்த நூலகர்மீது விசாரணை வந்தாலும், அவர் உறுப்பினரோ அல்லரோ, சங்கத்தின் சார்பில் தொழிலறிந்த ஒருவர் அவ்விசாரணையில் சாட்சி சொல்லப் போகவேண்டும். மூன்றாவதற்குச் செலவு ஆகும் என்று பொருளாளர் இப்பொழுதே என் காதில் சொன்னார். மாநாட்டு மலரை இவ்வாண்டு வழவழப்புத் தாளில் அச்சிடாவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று அவரையே கணக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வாசகத்தில் திருத்தம் கூற விரும்புவோர் பிற்பகல் அமர்வு தொடங்குமுன் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.